தண்டையார்பேட்டையில் வீடு பார்க்கலாமா? வடசென்னையில் வளர்ந்தவனின் பதில்

துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு தண்டையார்பேட்டைப் பக்கம் வீடு பார்க்கிறேன் என்கிறீர்கள். பாதி நண்பர்கள் "அந்த ஏரியாவா?" என்று இழுக்கிறார்கள், மீதிப் பேர் "அங்க மாதிரி ஒட்டுறவான ஜனம் எங்கயும் கிடையாது" என்கிறார்கள். எதை நம்புவது, அந்த ஊரின் கதைதான் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளர்ந்தவன். இன்றும் வடக்கேதான் இருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "ரவுடி ஏரியா" என்பது எவ்வளவு சோம்பேறித்தனமான பேச்சோ, "பாசக்கார ஜனம்" என்பதும் ஏறக்குறைய அதே அளவு சோம்பேறித்தனம்தான். எங்கள் ஆட்களுக்குப் பிறவியிலேயே இரக்கம் கூடுதலாக வைத்து யாரும் அனுப்பவில்லை. இங்கே ஒருவரை ஒருவர் விடாமல் இருப்பதற்குக் காரணம் வேலையும் பற்றாக்குறையும். ஒரே ஷிப்டு, ஒரே குழாய், ஒரே கடல். அதை வைத்து ஜனங்கள் தாங்களாகவே சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டார்கள். நோட்டுப் போட்டு, கணக்கு எழுதி, சண்டை போட்டு, விதி வகுத்துச் செய்த ஏற்பாடுகள். அதைத்தான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் பாசம் என்கிறார்கள்.

கதை துணியில் ஆரம்பிக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையில் இறங்கியதே துணி வாங்கத்தான். ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே நெசவாளர்களும் சாயம் போடுகிறவர்களும் துணி வெளுக்கிறவர்களும் குடியேறினார்கள். வண்ணாரப்பேட்டை அப்படி உண்டானது. திருவொற்றியூர்ப் பக்கம் இருக்கும் காலடிப்பேட்டையும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களுக்காக ஏற்பட்ட குடியிருப்புதான். இன்று வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளி நெருக்கத்தில் நடக்கக்கூட இடமில்லாமல் துணி வாங்கும் கூட்டத்தைப் பார்த்தால், முந்நூறு வருஷமாக இந்தப் பக்கம் தொழில் மாறவே இல்லையோ என்று தோன்றும்.

கோட்டையை ஒட்டி உள்ளூர் ஜனங்கள் முதலில் குடியிருந்த கறுப்பர் நகரம் இன்று இல்லை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததிலிருந்து அடுத்தடுத்து வந்த போர்களில் அது இடிக்கப்பட்டு, பீரங்கிக்கு மறைவு இல்லாதபடி வெட்டவெளி ஆக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் நிற்பது அந்த இடத்தில்தான். அங்கே குடியிருந்தவர்கள் இன்னும் வடக்கே தள்ளிப் போனார்கள். முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை எல்லாம் சேர்ந்து புதிய கறுப்பர் நகரம் ஆகி, பிறகு ஜார்ஜ் டவுன் ஆனது. நகரத்துக்கு வசதியாக எங்களை நகர்த்துவது அப்போதே தொடங்கிவிட்டது. நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று லாரியில் சாமான் ஏற்றிப் போனவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் சனி ஞாயிறில் பஸ் பிடித்து இங்கே வந்து போகிறார்கள்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். 1772-ல் கோட்டைக்குக் குடிதண்ணீர் கொடுக்க ஏழுகிணறு திட்டம் வந்தது. கிணறு வடக்கே, குடித்தவர்கள் கோட்டைக்குள்ளே. அதே ஏழுகிணறு வீராசாமி தெருவில்தான் வள்ளலார் பல வருஷம் குடியிருந்தார். அங்கிருந்து திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு அவர் நடந்தே போய் வந்ததை எங்கள் ஆயா, நேரில் பார்த்தவர் போலவே சொல்வார். பின்னாளில் புழல் ஏரியிலிருந்து நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் போனது. புழலுக்குப் பக்கத்தில் இருந்த நாங்கள் அடிபம்பும் லாரியுமாகக் காலம் தள்ளினோம்.

இதைவிட எனக்கு உறுத்துவது கடற்கரை. மெரினா இவ்வளவு அகலமாக இருப்பது எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? நம் கரையோரமாக ஓடும் நீரோட்டம் வருஷத்தில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டே போகிறது. 1870-களில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அந்தச் சுவரில் தட்டி நின்றது. மெரினா வருஷா வருஷம் விரிந்தது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இன்று நீங்கள் பார்ப்பது கருங்கல் குவியல்தான். இடையில் எத்தனையோ தெருக்களும் மீனவர் வீடுகளும் கடலுக்குள் போய்விட்டன. தெற்கே குதிரைச் சவாரி, சுண்டல், தலைவர்கள் சமாதி. வடக்கே பாறாங்கல். இரண்டும் ஒரே சுவரின் வேலை. சென்னையில் வடக்கு தெற்கு என்று பேசுகிறவர்கள் பொருளாதாரம், சாதி, சினிமா எல்லாம் பேசுவார்கள், இந்த மணலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் போனது. அந்தப் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. போய்ப் பார்க்கலாம், ஆனால் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் மில். பக்கிங்ஹாம், கர்னாடிக் என்ற இரண்டு மில்களும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரம்பூரில் வந்தன. 'பி அண்ட் சி மில்' என்பார்கள். அதன் காக்கித் துணி ராணுவத்துக்கும் போலீஸுக்கும் போனது. சுற்றுவட்டாரத்தில் புளியந்தோப்பு, ஓட்டேரி, பட்டாளம், வியாசர்பாடி எல்லாம் மில் சங்குக்குத்தான் எழுந்தன, படுத்தன. 1918 ஏப்ரல் 27 அன்று இந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க.வுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் விதை போட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். செட்டியார் கடை வைத்திருந்தவர். பஜனையும் சொற்பொழிவும் நடத்திக்கொண்டிருந்த ஒரு சபைக்கு மில் ஆட்கள் வருவார்கள். வந்த இடத்தில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் விடுகிறான், வெளியே வந்து கை கழுவி உட்காருவதற்குள் சங்கு ஊதிவிடுகிறது என்று புலம்புவார்கள். பஜனைக்கு வந்த கூட்டம் சங்கமாக மாறியது. நான் மேலே சொன்ன ஏற்பாடு என்பது இதுதான்.

அது எப்போதும் அழகாக நடந்தது என்று சொன்னால் பொய். 1921-ல் மில்லில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். கடன், வறுமை, நிர்வாகத்தின் பிரித்தாளும் வேலை எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. விளைவு, புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். ஒரே தறியில் வேலை பார்த்தவர்கள் சாதியால் இரண்டாகப் பிளந்த கதை அது. வடசென்னை ஒற்றுமையைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் 1918-ஐச் சொல்லிவிட்டு 1921-ஐத் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் இங்கே குடிவரப் போகிறீர்கள், அதனால் இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள். எந்தத் தெருவில் யார், எந்தக் கோயில் கூழ் யாருடையது என்பதெல்லாம் இன்னும் முழுசாக மறையவில்லை. மில் 1996-ல் மூடப்பட்டது.

மில் மட்டும் இல்லை. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. புல்லட் வண்டி அதே திருவொற்றியூரில் 1950-களிலிருந்து தயாரானது. எண்ணூரில் அசோக் லேலண்ட், பெரம்பூரில் 1955-லிருந்து ரயில் பெட்டித் தொழிற்சாலை, மணலியில் 1969-லிருந்து எண்ணெய் சுத்திகரிப்பு. நாட்டுக்கே டயரும் லாரியும் ரயில் பெட்டியும் இங்கிருந்து போயின. புகையும் சாம்பலும் இங்கேயே தங்கிவிட்டன.

என் அப்பா திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் கடைசல் வேலை. நாங்கள் இருந்தது போர்ஷன் வீடு. நடுவில் ஒரு முற்றம், சுற்றி ஆறு குடும்பம், ஒரு கக்கூஸ், ஒரு அடிபம்பு. ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் தூங்குவார் என்பதால் முற்றத்தில் பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது. அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, முதுகில் ஒன்று விழுந்ததும் தெரிந்துவிடும். யாருடைய கை என்பதும் முக்கியமில்லை. பக்கத்து போர்ஷன் அக்கா அடித்தாலும் அம்மா ஏன் என்று கேட்க மாட்டாள்.

தண்ணீர் லாரியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆனால் அந்த வரிசைக்குள் எவ்வளவு சட்டம் இருந்தது என்பதை யாரும் எழுதவில்லை. லாரி வருமுன்னே குடங்கள் வந்துவிடும். ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும். எல்லாக் குடமும் ஒரே பச்சை, ஒரே நீலம் என்பதால் ஒவ்வொருவரும் ஒரு அடையாளம் வைத்திருப்பார்கள். எங்கள் குடத்தின் கழுத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் மூன்று புள்ளி. பக்கத்து வீட்டுக்காரர் குடத்தில் பழைய ரிப்பன். குடம் இல்லையென்றால் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போகலாம், அதுவும் செல்லும். செங்கல்லைத் தள்ளியவனுக்கு மறுநாள் தண்ணீர் கிடையாது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்கு முன்னுரிமை. கல்யாணமோ சாவோ இருந்தால் அந்த வீட்டுக்குத் தெருவே தன் பங்கில் இரண்டிரண்டு குடம் விட்டுக்கொடுக்கும், ஆனால் அதைக் கேட்டு வாங்கக் கூடாது, மற்றவர்களாகக் கொடுக்க வேண்டும். ஓஸ் பைப்பைப் பிடிப்பவர் எப்போதும் ஒரே அம்மா. அவரைத் தேர்தல் வைத்து யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. குரல் பெரிது, கணக்கு சரியாக இருக்கும், தன் குடத்தைக் கடைசியாக வைப்பார். இந்த மூன்றும் போதும், தெருவில் தலைவர் ஆகிவிடலாம். குழாயடியில் சண்டை வராத நாளும் இல்லை. தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உருண்டவர்கள் சாயங்காலம் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பூத் தொடுப்பார்கள்.

இன்னொன்று சாவு. எங்கள் பக்கம் ஒருவரின் செல்வாக்கை அவர் சாவுக்கு வந்த கூட்டத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். ஆனால் நான் சொல்ல வருவது கூட்டத்தைப் பற்றி இல்லை. பல தெருக்களில் ஒரு மன்றம் இருக்கும். பெயர் நடிகர் பெயராக இருக்கலாம், தலைவர் பெயராக இருக்கலாம், அம்பேத்கர் பெயராக இருக்கலாம். போர்டைப் பார்த்துவிட்டு வெட்டிப் பசங்க கூடும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஒரு நீள நோட்டு இருக்கும். மாதம் வீட்டுக்கு இவ்வளவு என்று வரவு. தெருவில் ஒரு சாவு விழுந்தால் அந்தப் பணத்திலிருந்து ஐஸ் பெட்டி, சாமியானா, சேர், பாடை, மேளம் வரைக்கும் போகும். துக்க வீட்டில் யாரும் கடைக்கு ஓட வேண்டாம், யாரிடமும் கை நீட்ட வேண்டாம். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. டீ ஒரு வீட்டிலிருந்து, பிள்ளைகளுக்கு இட்லி இன்னொரு வீட்டிலிருந்து. ராத்திரி முழுக்கப் பிணத்தோடு விழித்திருக்க வேண்டுமே, அதற்குத்தான் கானா. செத்தவர் எப்படிப்பட்ட ஆள், யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினார், யாருக்கு என்ன செய்தார் என்பதெல்லாம் பாட்டில் வந்துவிடும். சட்டியும் தட்டும் தீப்பெட்டியும் தாளம்.

எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருந்த ஒரு பெரியவர் இருந்தார். சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லை. அவர் போனபோது, மாதச் சந்தாவை அவர் ஒழுங்காகக் கட்டவில்லை, பல மாத நிலுவை என்று நோட்டைப் பிரித்துக் காட்டினார் ஒருவர். அவ்வளவுதான், மன்றத்து வாசலில் சண்டை. கட்டாதவருக்குச் செய்தால் நாளைக்கு யார் கட்டுவான் என்று ஒரு கட்சி. ஆளே போய்விட்டான், நிலுவையை யாரிடம் வசூலிப்பாய் என்று எதிர்க் கட்சி. கடைசியில் நோட்டு எழுதும் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரியவர் தெருவில் பாதிப் பேருக்குக் கடனுக்கு இஸ்திரி போட்டிருந்தார், அந்தக் காசெல்லாம் இன்னும் பாக்கி. அதைக் கணக்குப் போட்டு நிலுவையில் கழித்துவிட்டார்கள். மேளத்தோடு மூலக்கொத்தளத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே போகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு 1939-ல் உயிர்விட்ட நடராசன், தாலமுத்து இருவரின் நினைவிடமும் அந்தச் சுடுகாட்டில்தான் இருக்கிறது.

இந்த நோட்டு, சந்தா, கணக்கு எல்லாம் எங்கிருந்து வந்தன? சங்கத்திலிருந்தும் கட்சிக் கிளைகளிலிருந்தும் வந்தன என்பதுதான் என் எண்ணம். மில்லிலும் துறைமுகத்திலும் சந்தா கட்டிப் பழகிய கை, தெருவிலும் நோட்டுப் போட்டது. 1923-ல் இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் நடத்திய இரண்டு கூட்டங்களில் ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில் நடந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா 1952-ல் சட்டமன்றத்துக்குப் போனது வண்ணாரப்பேட்டையிலிருந்து. வியாசர்பாடி ஜீவா என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. முடிதிருத்தும் கடையில் தினத்தாள் படித்துக் காட்டுகிறவர்கள், சந்து முனையில் நாலு பெஞ்சு போட்ட படிப்பகங்கள், பாதி எழுத்து உதிர்ந்த கரும்பலகை. எழுதப் படிக்கத் தெரியாத பலருக்கு உலகச் செய்தி அங்கேதான் தெரியும். இப்போது படிப்பகங்கள் குறைந்துவிட்டன, வாட்ஸப் வந்துவிட்டது. நோட்டு மட்டும் பல தெருக்களில் இன்னும் ஓடுகிறது.

வந்தவர்களை இந்த ஊர் சேர்த்துக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். 1960-களில் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளையும் நிலங்களையும் எடுத்துக்கொண்டபோது, கப்பலேறி வந்த தமிழர்களில் நிறையப் பேர் வியாசர்பாடியிலும் சுற்றிலும் குடியமர்ந்தார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் அவர்களுக்காக வந்தது. பக்கத்துத் தெருக்களில் சாயங்காலம் அத்தோ வண்டிகள் நிற்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி எடுத்து, முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டு, ஒரே கையால் பிசைந்து தட்டில் தள்ளுவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். முட்டையை நடுவில் பிளந்து வெங்காயம் வைத்துத் தருவதையும் விடாதீர்கள். ரங்கூனிலிருந்து வந்த இந்தச் சாப்பாட்டை இன்று எங்கள் பிள்ளைகள் சொந்த ஊர்ச் சாப்பாடு என்றுதான் நினைக்கிறார்கள். ராயபுரத்தில் 1910-லிருந்து பார்சிகளின் தீக்கோயில் ஒன்றும் இருக்கிறது. அதே ராயபுரத்தில் படகுக்காரச் சமூகத்தார் 1820-களில் எழுப்பிய புனித ராயப்பர் ஆலயம். சௌகார்பேட்டைக்கு வந்தால் குஜராத்தி, ராஜஸ்தானி, தெலுங்கு எல்லாம் ஒரே சந்தில் கேட்கும்.

விளையாட்டில் குத்துச்சண்டையைப் பற்றிச் சினிமா வந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் உண்மையாக இருந்தவைதான். ஆனால் நான் கேரத்தைத்தான் சொல்வேன். ஐந்தடிச் சந்தில் கிரிக்கெட் ஆட முடியாது. கேரம் போர்டு ஒன்றும் தொங்கவிட்ட ஒரு பல்பும் இருந்தால் போதும், நாலு பேர் ஆடலாம், நாற்பது பேர் பார்க்கலாம். அப்படிப்பட்ட சந்துகளிலிருந்துதான் 2008-ல் உலகச் சாம்பியன் ஆன வியாசர்பாடி இளவழகி வந்தார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமாவும் வடசென்னைதான், ஆட்டோ ஓட்டுநரின் மகள். இரண்டு பேருமே பெண்கள் என்பதைக் கவனியுங்கள். எங்கள் காலத்தில் மன்றத்துக் கேரம் போர்டுக்குப் பக்கத்தில் பெண் பிள்ளைகளை நிற்கவே விட மாட்டார்கள்.

சரி, கெட்டதையும் சொல்கிறேன்.

கத்தி, கஞ்சா, பழிக்குப் பழி எல்லாம் உண்டு. சில தெருக்களில் உண்டு, சில குடும்பங்களுக்குள் உண்டு. குடும்பத்தோடு குடியிருப்பவர், வேலைக்குப் போய் வருபவர் அதில் மாட்டுவது அபூர்வம். உங்களை நிஜமாகத் தொந்தரவு செய்யப் போவது காற்றும் தண்ணீரும்தான். ராத்திரி காற்றுத் திரும்பினால் மணலிப் பக்கமிருந்து அழுகிய முட்டை நாற்றம் வரும். கொடுங்கையூர்க் குப்பைமேடு எரிந்தால் துவைத்துக் காயப்போட்ட துணியில் புகை வாடை ஏறும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் பல வருஷமாகப் படிந்து, இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்களுக்குத் தொழில் போயிற்று. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் ஒதுங்கிய கெட்டித் தாரை மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளியதை நாடே டிவியில் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. அதே மாதக் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நடு ராத்திரியில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சுத் திணற ஓடினார்கள். வெள்ளம், எண்ணெய், அம்மோனியா என்று ஒரே மாதத்தில் மூன்று. ஒவ்வொரு முறையும் பக்கத்துக் குப்பத்திலிருந்து பாலும் சாப்பாடும் முதலில் வந்தன என்று பாராட்டி எழுதினார்கள். எனக்கு அந்தப் பாராட்டு கொஞ்சம் எரிச்சல்தான். வாளி தூக்க ஜனங்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் வாளியோடு விட்டுவிடுகிறார்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் கவலை வேண்டாம். ஸ்டான்லி பக்கத்திலேயே இருக்கிறது. 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. பழைய ஆட்கள் இன்னும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள், ஆட்டோக்காரருக்கும் அது புரியும். கூட்டத்தில் காத்திருக்க வேண்டும், ஆனால் கை வெட்டுப்பட்டு வந்தால் ஒட்டவைப்பதில் நாட்டிலேயே பேர் பெற்ற இடம். பட்டறைகள் நிறைந்த பகுதிக்கு அது எவ்வளவு தேவை என்று என் அப்பாவின் விரலைப் பார்த்திருந்தால் தெரியும்.

இனி வீடு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி ஒட்டி வாடகை ஏறிவிட்டது. நிலையத்திலிருந்து பத்து நிமிஷம் உள்ளே தள்ளிப் பாருங்கள். தரைத்தளம் வேண்டாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால், வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர் வீட்டு அம்மாவிடம் போன மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கையை வைத்தே காட்டிவிடுவார். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை வழியாக வேலைக்குப் போகும்படி இருந்தால் மழை நாளுக்கு வேறு வழி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேர மழைக்கே அது குளமாகிவிடும். மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு வருகிறது, என்ன நிறத்தில் வருகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் எப்போதும் வரிசை கட்டி நிற்கும். இரு சக்கர வண்டியில் போவதாக இருந்தால் அந்தச் சாலையை விட்டு உள் தெருக்களில் போவது நல்லது.

மீனுக்குக் காசிமேடு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், சென்னை முழுக்க அங்கேதான் இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். வார நாளில் விடியற்காலையில் போங்கள். ஏலத்தில் கூடை எடுக்கும் பெண்களிடம் வாங்கினால் சங்கரா, நெத்திலி, கடம்பா எல்லாம் கட்டுப்படியாகும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது பெரிய மீன் விலை சொல்லி மாளாது. ஒரே அக்காவிடம் தொடர்ந்து வாங்குங்கள். மூன்றாவது வாரம் அவரே உங்களுக்கென்று எடுத்து வைப்பார்.

குடிவந்த பிறகு தெருப் பையன்கள் யாராவது நோட்டோடு வந்து "அண்ணே, மன்றத்துக்கு" என்று நிற்பார்கள். ஆடிக் கூழா, விநாயகர் சதுர்த்தியா, மாதச் சந்தாவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூழுக்கும் சதுர்த்திக்கும் உங்கள் விருப்பம். மாதச் சந்தாவாக இருந்தால் கட்டிவிட்டு, நோட்டில் பெயர் ஏறியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.